எட்டுச் சொட்டு

எங்கள் வீட்டுக் கிணற்றடி மாடத்தில் ஒரு ஸ்பிரிட் விளக்கும் நான்கைந்து கண்ணாடிக் குழாய்களும் இருக்கும். 1970-களில் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. பல் துலக்கியதும் நேரே அங்கேதான் போவார். குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர். மரக் கவ்வியால் பிடித்துச் சூடுகாட்டுவார். பொங்கித் தெறிக்காமல் இருக்கக் குழாயை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறினால் நிறம் தெரியும். நீலம் என்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால் அன்று இரண்டு இட்லியோடு சரி. அவர் நிறத்தைச் சொல்வார், நான் நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதுவேன்.

சிறுநீரில் இனிப்பு இருப்பது நம் பழைய வைத்தியர்களுக்குத் தெரிந்ததுதான். மதுமேகம் என்ற பெயரிலேயே தேன் இருக்கிறது. ஆனால் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, இன்றைக்கு எவ்வளவு என்று அறிவது வேறு. அந்த இரண்டாவதை வீட்டுக்குள் கொண்டுவந்தது இந்தக் குழாய்.

பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் என்ற டாக்டர், நோயாளியே தன்னைக் கவனித்துக்கொள்ளக் கற்க வேண்டும் என்று, 1918-லேயே அவரும் படிக்கிற மாதிரி ஒரு கையேடு எழுதினார். அப்போது இன்சுலின் கிடையாது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்ட பிறகு ஜாஸ்லின் சொன்னது கட்டாயமாகவே ஆகிவிட்டது. தினமும், ஆயுள் முழுக்கப் போட வேண்டிய ஊசிக்கு டாக்டர் வீடு தேடி வர முடியுமா? அளக்கவும், கொதிக்க வைத்த சிரிஞ்சில் மருந்தை ஏற்றவும், குத்திக்கொள்ளவும் நோயாளிதான் கற்றாக வேண்டும். லண்டனில் இதை முன்நின்று செய்த ஆர்.டி. லாரன்ஸ் தாமே நீரிழிவுக்காரர். 1923-ல் இன்சுலின் கிடைத்ததால் உயிர் பிழைத்தவர். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸுடன் சேர்ந்து 1934-ல் நோயாளிகளுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். நம் சென்னையில், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது 1948-ல்.

குழாயில் ஒரு குறை இருந்தது. அது எங்களுக்கு ஒருநாள்தான் விளங்கியது. அன்று நல்ல நீலம். ஊசி போட்டுக்கொண்டார். பலகாரம் தயாராகக் கொஞ்சம் தாமதம். அரை மணியில் வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, திண்ணையில் சாய்ந்துவிட்டார். அம்மா சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். அளவாக இருந்தாலும் நீலம்தான், ஆபத்தாகக் குறைந்தாலும் நீலம்தான். அதுவும் குழாய் காட்டுவது சில மணி நேரத்துக்கு முந்தைய சேதி. இதை எந்த டாக்டரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ரத்தத்தையே அளக்கும் கருவி 1970-ஐ ஒட்டி அமெரிக்காவில் வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, டாக்டர்களுக்கு மட்டுமே விற்பனை. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற இன்ஜினியர், 12 வயதிலிருந்து நீரிழிவோடு வாழ்ந்தவர், டாக்டரான தம் மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கினார். ஒரு நாளில் பலமுறை அளந்து, உணவையும் ஊசியையும் அதற்கேற்ப மாற்றித் தேறினார். அதைக் கட்டுரையாக எழுதியபோது மருத்துவ இதழ்கள் திருப்பி அனுப்பின. சும்மா இருக்கவில்லை மனிதர். 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அவர் பக்கம் நியாயம் என்று தெரிய 1993 ஆனது. முதல் வகை நீரிழிவு உள்ள 1441 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டுகள் கவனித்த அமெரிக்க ஆய்வு அது. தாங்களே அடிக்கடி அளந்து ஊசியைக் கூட்டிக் குறைத்தவர்களுக்குக் கண் கெடத் தொடங்கும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்திருந்தது. அப்பாவுக்கு இருந்த இரண்டாம் வகையிலும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் கெடுவது குறையும் என்று 1998-ல் இங்கிலாந்து ஆய்வு காட்டியது.

அப்பா 1988-ல் போய்விட்டார். கடைசி நான்கு வருஷம் அவருக்குப் பார்வை இல்லை. அப்போதும் குழாயை அவரே பிடித்துச் சூடுகாட்டுவார், கை பழகியிருந்தது. ஆறியதும் என் பக்கம் நீட்டி, “என்ன கலர்மா?” என்பார்.