கர்ணன் அறிந்ததும் அருச்சுனன் அறியாததும்

கிரேக்கத் துன்பியல் நாடகங்களை ஆராய்வோர் பழிவாங்கலையும் ஆள்மறைவையும் பெரும்பாலும் இணைத்தே நோக்குவர். கி.மு. 458 இல் ஏதென்சில் மேடையேறிய ஈஸ்கிலசின் ஒறெஸ்தியா முத்தொடரில், தந்தையைக் கொன்ற தாயைப் பழிவாங்க வரும் ஒறெஸ்தீஸ் வழிப்போக்கன் போலத் தோன்றி, தன் மரணச் செய்தியைத் தானே கூறி அரண்மனையுட் புகுகின்றான். அங்கே மறைவு பழியின் கருவி. சோபோக்கிளிசின் ஈடிப்பசோ கொலைகாரனைத் தேடப் புறப்பட்டு, தேடப்படுபவன் தானே எனக் காண்கின்றான். அறியாமையினின்று அறிவுக்கு மாறும் இத்தகைய கட்டத்தைத் துன்பியற் கதைப்பின்னலின் வலிமைமிக்க கூறுகளுள் ஒன்றாக அரிஸ்டோட்டில் கொண்டார்.

எமது மரபில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த கதை யாது? காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் நடிப்பால் யாழ்ப்பாணமெங்கும் புகழ்பெற்ற 'அரிச்சந்திர மயான காண்டம்' நினைவுக்கு வரலாம். கணவன் தன் மனைவியைச் சுடலையில் அறிந்துகொள்ளும் கட்டம் அதன் உச்சம். ஆயினும் அங்கு நிகழ்வது சோதனையேயன்றிப் பழியன்று. பழியும் மறைபிறப்பும் ஒன்றையொன்று இறுகப் பற்றிநிற்பது கர்ணன் கதையிலேயாம்.

இக்கதை பல்கலைக்கழக அரங்கிற்கு வந்த வரலாறு சுருக்கமாகவேனும் கூறற்பாலது. 1956 இல் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கில் ஏற்படுத்திய விழிப்பை அடுத்து, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் பேராதனை மாணவரைக் கொண்டு மட்டக்களப்பு வடமோடிக் கூத்தான 'கர்ணன் போர்' நாடகத்தை மேடையேற்றினார். வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்டது நவீன மேடைக்கேற்பச் சுருங்கியது. படித்தோர் கூத்தைக் கலையாக மதிக்கத் தொடங்கியமைக்கு அம்முயற்சி ஒரு முக்கிய காரணம். 1979 இல் அவரே திருநெல்வேலியில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அதே வளாகத்தில் பணிபுரிந்த க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்காமில் கிரேக்கவியல் அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். ஆகவே ஈஸ்கிலசையும் வடமோடியையும் ஒருசேர எண்ணிப்பார்ப்பது இவ்வூருக்குப் புதிதன்று.

கூத்தில் ஒரு பாத்திரம் களரிக்கு வரும்போது தன் பெயரும் பெருமையும் கூறியே வரும். தான் யார் என்று உரைக்காமல் எவரும் ஆட்டத்தைத் தொடங்குவதில்லை. இம்மரபினுள்ளே கர்ணன் அங்கநாட்டு மன்னனாக வந்து நிற்கும்போது, அவன் கூறாதுவிடும் குலத்தைச் சூழ இருக்கும் ஊரார் அனைவரும் அறிவர். வேறெந்தப் பாத்திரத்தின் வரவிலும் இத்துணை வேதனை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கர்ணனும் அதனை அறிவான் என்பதே இக்கதையை ஈடிப்பசிடமிருந்து பிரிப்பது. போருக்கு முன்னரே கண்ணன் அவனுக்குப் பிறப்பை உரைத்துவிடுகின்றான்; குந்தியும் நேரில் வருகின்றாள். வியாச பாரதத்தில் கர்ணன் அம்மறையை வெளியிடவேண்டாமெனக் கண்ணனைக் கேட்டுக்கொள்கின்றான். உண்மை தெரிந்தால் தருமன் அரசை ஏற்கான். தன்னிடம் ஒப்படைத்தால் தான் அதைத் துரியோதனனுக்கே கொடுக்க நேரும் என்பது அவன் கூறும் காரணம். பெற்றவள் பழிக்கு அஞ்சி மறைத்ததை, மகன் செஞ்சோற்றுக் கடனுக்காகத் தானே விரும்பி மறைக்கின்றான்.

அறியாதவன் அருச்சுனன். அவையில் திரௌபதி பட்ட இழிவும் அபிமன்னன் வீழ்ந்த கொடுமையும் அவன் நெஞ்சில் கனல்கின்றன. அவனுக்குக் கர்ணன் பகைவன் மட்டுமே. கிரேக்க அரங்கில் ஒறெஸ்தீஸ் கொல்லப்போவது தாயை என அறிந்தே கொல்கின்றான். இங்கோ கொல்லப்படுபவன் அறிகின்றான்; கொல்பவன் அறியான். அருச்சுனனின் பழி நிறைவேறிய அளவிலே அது உடன்பிறந்தான் கொலையாக மாறிவிடுகின்றது.

வில்லிபுத்தூரார் இதனை மேலும் அரங்கத் தன்மையுடையதாக்கியுள்ளார். தாய் என உரிமை கோரிவரும் பொய்யரை எரித்துவிடும் ஆடை ஒன்றைக் குந்தி அணிந்து தன் உண்மையை நிறுவுகின்றாள். ஒறெஸ்தீசை அடையாளங்காட்டும் மயிர்க்கற்றையோடும் அடிச்சுவட்டோடும் ஒப்பிடத்தக்க சான்று இது. பின்னர், தான் களத்தில் வீழ்ந்தால் அவள் வந்து தன்னை மகனென்று உலகறியக் கூறவேண்டும் என்று கர்ணன் வரம் கேட்கின்றான். வடமொழியில் போர் முடிந்தபின், இறந்தோர்க்கு நீர்க்கடன் செய்யும்போது தருமனிடம் வெளிப்படும் செய்தி, தமிழில் குருதி தோய்ந்த களத்திலேயே தாயின் ஒப்பாரியாக வெடிக்கின்றது.

வடமொழி வழியில் தருமன், இனிப் பெண்களிடம் மறை நில்லாதொழிக எனச் சபிக்கின்றான். நியாயமற்ற சாபம். மறையைக் காத்தவருள் கண்ணனும் கர்ணனும் இருந்தனர். சாபமோ குந்தியின் இனத்திற்கே வாய்த்தது. தமிழ்க் களத்திலோ ஒப்பாரி முதலில் எழுகின்றது, சினம் பின்னரே வருகின்றது.