ஓடத்திலிருந்து கண்ட கரை



மாலை வேளையில் தாதர் நிலையத்தில் மின்சார வண்டியேறி, சன்னலோரமாக அமரும் பேறு நம்மில் சிலருக்கு என்றேனும் ஒருநாள் வாய்ப்பதுண்டு. அடுத்த பாதையில் வேறொரு வண்டி நிற்கிறது. திடீரென்று நம் வண்டி நகரத் தொடங்கிவிட்டதாக உணர்கிறோம். மாட்டுங்கா வந்துவிடுமே என்று பையை எடுத்து மடிமீது வைத்துக்கொள்கிறோம். அடுத்த வண்டியின் கடைசிப் பெட்டியும் கடந்து போனபின் பார்த்தால், நிலையத்துத் தூண் முன்பிருந்த இடத்திலேயே நிற்கிறது. நாமும் அங்கேயே இருக்கிறோம். புறப்பட்டது அந்த வண்டி.

மயக்கத்தைத் தீர்த்தது தூண். அது கண்ணில் படாதிருந்தால், இரண்டு வண்டிகளுள் எது ஓடிற்று என்று கண்ணால் மட்டும் அறிய வழியில்லை. சரி, அந்தத் தூண் நிற்கிறது என்பதற்குச் சான்று யாது?

இவ்வினாவை நம் நாட்டில் துணிந்து எழுப்பியவர் ஆரியபடர். கி.பி. 499ஆம் ஆண்டைத் தம் 23ஆம் வயது நிறைந்த காலமாகக் குறிப்பிடும் அவர், ஆரியபடீயம் என்னும் நூலில் ஓர் உவமை கூறுகிறார். ஓடத்தில் அமர்ந்து முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையில் அசையாதிருப்பவை பின்னோக்கிச் செல்வனவாகத் தோன்றும். அவ்வாறே இலங்கையில் இருப்பவனுக்கு, நிலைபெற்ற விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வனவாகத் தோன்றுகின்றன என்பது அதன் கருத்து. வானநூலார் வழக்கில் இலங்கை என்பது நிலநடுக்கோட்டின்மேல் குறித்துக்கொண்ட ஓர் இடம். ஈழத் தீவென்று கொள்ளலாகாது.

சுழற்சியின் அளவையும் அவர் கூறினார். ஒருமுறை மூச்சுவிடும் நேரம் ஒரு பிராணன். நம் கடிகாரக் கணக்கில் 4 விநாடி. ஒரு நாளுக்கு 21,600 பிராணன். வட்டத்துக்கும் 21,600 கலைகள். ஆகவே பூமி ஒரு மூச்சுக்கு ஒரு கலை சுழல்கிறது. மும்பை இருக்கும் இடத்தில் இது ஒன்றே முக்கால் கிலோமீட்டர் ஆகும். மாட்டுங்காவில் பேசாமல் நிற்கும் ஒருவர் ஒரு மூச்சு விடுவதற்குள், அங்கிருந்து தாதருக்குள்ள தூரத்தைவிட மிகுதியாகக் கிழக்கே கொண்டுசெல்லப்படுகிறார்.

நம் இல்லங்களில் புரட்டப்படும் வாக்கியப் பஞ்சாங்கம் ஆரியபடரின் கணித மரபில் வந்தது. அவருடைய கணக்கை ஏற்ற அறிஞர் உலகம், அவருடைய இச்சொல்லை மட்டும் ஏற்க மறுத்தது. கணக்கைப் பொறுத்தவரை அதனால் இழப்பொன்றும் இல்லை. பூமி கிழக்கே சுழல்கிறது என்று கொண்டாலும், வானம் மேற்கே சுழல்கிறது என்று கொண்டாலும் உதயத்துக்குக் கிடைக்கும் நாழிகை ஒன்றுதான்.

மறுத்தவர்கள் எளியவர்கள் அல்லர். பூமி சுழலுமாயின், கூட்டை விட்டு வானில் எழுந்த பறவை மீண்டும் அக்கூட்டை எவ்வாறு அடையும் என்று 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் கேட்டார். கொடிகளெல்லாம் ஓயாமல் மேற்கு நோக்கியன்றோ பறக்கவேண்டும் என்றும் கேட்டார். 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர், உயர்ந்த பொருள்கள் ஏன் விழுவதில்லை என்று வினவினார். இக்கேள்விகளைக் கேட்டு இன்று நகைப்பவர் உண்டு. எனக்கு அவை மிக நல்ல கேள்விகளாகவே தோன்றுகின்றன. ஏனெனில் ஓடத்து உவமை அவற்றுக்கு விடை தரவில்லை. கரை ஓடுவதுபோல் ஏன் தோன்றுகிறது என்பதை அது விளக்கும். ஓடத்திலிருந்து மேலே எறிந்த காய் எங்கே வந்து விழும் என்பதை விளக்காது. போதாக்குறைக்கு, ஆரியபடரின் அடுத்த செய்யுளே, விண்மீன் கூட்டத்தை ஒரு காற்று மேற்கே தள்ளுவதாகக் கூறுகிறது! உரையாசிரியர்கள் அதனைப் பற்றிக்கொண்டனர். சிலர் ஒருபடி மேலே சென்று, சுழற்சியின் அளவைக் கூறும் அடியில் பூமி என்றிருந்த சொல்லை, விண்மீன் தொகுதி என்று பொருள்படும் சொல்லாக மாற்றியே பாடம் ஓதினர்.

ஒருவர் மட்டும் வேறு வழியில் எண்ணினார். 9ஆம் நூற்றாண்டினரான பிருதூதகசுவாமி பிரம்மகுப்தருக்கே உரை கண்டவர். ஆயினும் இவ்விடத்தில் ஆரியபடர் பக்கமே சாய்ந்தார். பூமியில் எவன் எங்கு நிற்கிறானோ அவனுக்கு அவ்விடமே மேல். அவ்வாறிருக்கப் பொருள்கள் எங்கே விழும் என்பது அவர் விடை. மேல், கீழ் என்பனவும் பார்ப்பவனைச் சார்ந்தவையே என்று கண்டுகொண்டார். பறவைக்கு மட்டும் அவரிடமும் விடை இல்லை.

அவ்விடை 1632இல் இத்தாலியில் வெளிவந்த கலிலியோவின் நூலில் கிடைக்கிறது. கப்பலின் மூடிய அறைக்குள் வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிடுங்கள், ஒரு கலத்திலிருந்து நீரைச் சொட்டவிடுங்கள் என்கிறார் அவர். கப்பல் நின்றாலும், ஒரே சீராக ஓடினாலும் அறைக்குள் நிகழ்வதில் வேறுபாடு எதுவும் இராது. பூச்சியும் நீரும் கப்பலின் வேகத்தைத் தாமும் பெற்றிருக்கின்றன. நம் மின்சார வண்டியில் அகப்பட்ட ஈயைப் பாருங்கள். வண்டி பறக்கிறது, ஈயோ பின்சுவரில் போய் மோதாமல் பயணிகளின் தலைக்குமேல் நிதானமாக வட்டமிடுகிறது. வராகமிகிரரின் பறவையும் அப்படித்தான். கூடிருக்கும் மரத்தின் வேகம் அதற்கும் உண்டு.

ஆனால் எல்லா இயக்கத்தையும் இவ்வாறு மறைத்துவிட முடியாது. வண்டி வளைவில் திரும்பும்போது, கண்ணை மூடியிருந்தாலும் உடல் ஒருபுறம் சாய்கிறது. நேராக, சீராக ஓடும் ஓட்டம் தன் அடையாளத்தைக் காட்டாது. திரும்பும் ஓட்டம் காட்டும். பூமியோ ஓயாமல் திரும்பிக்கொண்டிருப்பது. அப்படியானால் அதன் அடையாளம் எங்கே? 1851இல் பாரிசு நகரில் பூக்கோ நீண்ட கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். ஆடும் தளம் மெல்ல மெல்லத் திரும்பியதை மக்கள் திரண்டு வந்து கண்டனர். இன்னொரு சான்று அதைவிடப் பெரியது. அதனை அறிய நாம் திருநெல்வேலிக்குச் செல்லவேண்டும்.

தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு மக்கள் வரத்தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். அவர்கள் விட்டுவந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. ஆதலால் அது சுற்றும் வட்டம் பெரியது. மணிக்கு ஏறத்தாழ 1,655 கிலோமீட்டர் வேகத்தில் அது கிழக்கே செல்கிறது. தாராவியின் வேகம் 1,583. அங்கே திண்ணையில் அமர்ந்திருந்தவரும் இங்கே வாசலில் அமர்ந்திருப்பவரும் சும்மா இருப்பவர்களே. ஆயினும் இவ்விருவர் வேகத்துக்கும் இடையே 70 கிலோமீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. ஊரிலிருந்து புறப்பட்டவர் அந்த மிகுதி வேகத்தையும் உடன்கொண்டே வருகிறார். வழிநெடுகத் தண்டவாளம் சக்கரத்தைப் பக்கவாட்டில் சிறிது சிறிதாக நெருக்கி அதனைக் கழித்துவிடுகிறது, பயணி அறிவதில்லை.

காற்றுக்குத் தண்டவாளம் இல்லை. கோடையில் நம் நாட்டு நிலப்பரப்பு கடலைவிட மிகுதியாகச் சூடேறுவதால், தென்னிந்தியப் பெருங்கடலின் காற்று நடுக்கோட்டைக் கடந்து வடக்கே ஈர்க்கப்படுகிறது. வேகம் மிகுந்த இடத்திலிருந்து வேகம் குறைந்த இடத்துக்கு வரும் அது, தன் மிகுதியைக் கழிக்க வழியின்றிக் கிழக்கே முந்திச் செல்கிறது. தெற்கிலிருந்து நேரே வரவேண்டிய காற்று இதனால் தென்மேற்கிலிருந்து வருகிறது. கடற்காற்றுகளின் போக்கை இம்முறையில் 1735இல் விளக்கியவர் ஆங்கிலேயரான ஹாட்லி. அவர் கணக்கு முழுமையானது அன்று. உண்மையில் விலகல் இன்னும் மிகுதி. சுழலும் தளத்தில் தோன்றும் இவ்விசையைச் செம்மையாக வகுத்தவர் பிரெஞ்சுக்காரரான கொரியோலி, ஆண்டு 1835.

முசிறிக்கு யவனர் மரக்கலங்களைக் கொண்டுவந்து சேர்த்ததும், செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து குற்றாலத்தில் சாரலாகத் தூவுவதும், சூன் மாதத்தில் மும்பைக் கரையில் மோதித் தாராவியின் சந்துகளை வெள்ளக்காடாக்குவதும் அந்தத் தென்மேற்குக் காற்றே. ஆரியபடரும் அவரை மறுத்தவர்களும் ஆண்டுதோறும் அதன் மழையில் நனைந்திருப்பார்கள்.

ஆனி மாதத்தில் இங்கே ஏதேனும் ஒரு கூரைமேல் கட்டியிருக்கும் கொடியைப் பாருங்கள். பெரும்பாலும் அது கிழக்கோ வடகிழக்கோ நோக்கிப் பறக்கும். வராகமிகிரர் சான்றாகக் கேட்ட கொடி அது. அவர் எண்ணியதுபோல் மேற்கே மட்டும் அது பறக்கவில்லை.