மலையடிவாரத்துக் குட்டையும் இத்தாலியிலிருந்து வந்த மீனும்

பழனியிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு மலை மிக அருகே வந்து நிற்பது பாலசமுத்திரத்தில்தான். பக்கத்திலேயே பாலாறு-பொருந்தலாறு அணை. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள், வாய்க்கால், கிணறு, வீட்டுக்குப் பின்னால் ஒரு தொட்டி அல்லது சின்னக் குட்டை எனத் தண்ணீரை ஒட்டியே வாழ்ந்த அடிவாரம் இது. இன்று காய்ச்சல் என்றதும் டெங்குவா என்று கேட்கிறார்கள். முன்பு அடிவாரம் பயந்தது மலேரியாவுக்கு.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளைக் கொள்ளைக் காய்ச்சல் வாட்டியது. காரணத்தை ஆராய மதராஸ் அரசாங்கம் மருத்துவர் குழு ஒன்றை அமைத்தது. ஒயிட்லா ஐன்ஸ்லி அதில் ஒருவர். அறிக்கை 1816இல் லண்டனில் அச்சாயிற்று. தேங்கிய நீரிலிருந்தும் ஈர மண்ணிலிருந்தும் எழும் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று மருத்துவம் நம்பிய காலம் அது. தேங்கிய நீர்வரை சரியாக வந்தவர்கள், அதில் நெளிந்த கொசுப்புழுவைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை.

காய்ச்சலுக்குத் தப்ப வசதியுள்ளவர்கள் மேலே ஏறினார்கள். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள்; அங்கும் காய்ச்சல் விடவில்லை. இன்னும் உயரம் தேடி 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அவர்களுடைய டோலியைச் சுமந்து ஏறியவர்கள் மீண்டும் அதே அடிவாரத்துக் காய்ச்சலுக்குள் இறங்கி வந்தார்கள். கொடைக்கானல் வரலாறு எழுதப்படும்போது இந்தப் பாதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன்பின் குட்டையைப் பார்க்கும் பார்வையே மாறியது. தண்ணீருக்குள் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள். மலேரியா பரப்பும் அனோபிலஸ் கொசுவின் புழு நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடைமட்டமாகப் படுத்திருக்கும். யானைக்கால் பரப்பும் கியூலெக்ஸ் புழுவோ வாலோரக் குழாயை மட்டும் மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். இரண்டுக்கும் மூச்சு மேலேதான். எனவே மேல்மட்டத்தில் இரை தேடும் மீன் இருந்தால் போதும் என்ற எண்ணம் பிறந்தது.

அப்படிப்பட்ட மீன்கள் நம் ஊரிலேயே இருந்தன. கொசுப்புழுவைத் தின்னும் இந்திய மீன்களைப் பற்றி ஸீவெல், சௌதுரி இருவரும் 1912இல் கல்கத்தாவிலிருந்து ஒரு நூலே வெளியிட்டார்கள். தென்னிந்திய நீர்நிலைகளில் விரல் நீளத்துக்குக் குறைவான ஒரு மீனை இன்றும் பார்க்கலாம். மேல்நோக்கிய வாய், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு. கரைப்புல்லின் நிழலில் அசையாமல் நின்று, மேலே புழு அசைந்ததும் பாய்ந்து பிடிக்கும். அப்லோகைலஸ் பேரினத்தைச் சேர்ந்தது. வாய்க்காலும் கிணறும் வயலும் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தவரை, வெள்ளம் வரும்போதெல்லாம் இவை தாமாகவே குட்டைக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் அரசாங்கம் வெளியே பார்த்தது. வட அமெரிக்காவைச் சேர்ந்த கம்பூசியா மீன் 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. முட்டையிடாமல் குட்டி போடும், மளமளவென்று பெருகும், வளர்ந்த மீன் ஒரு நாளைக்கு 100 முதல் 300 புழுக்கள்வரை தின்னும் என்பது சுகாதாரத் துறையின் கணக்கு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த கப்பி அதைவிடக் குறைவாகத் தின்றாலும் அழுக்குத் தண்ணீரில் பிழைக்கும். சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் வந்தபோது கொசு ஒழிப்புக்குத் தனி அத்தியாயமே இருந்தது. கிணற்றிலும் குளத்திலும் மீன் விடுவது சுகாதாரப் பணியின் வாடிக்கையாயிற்று.

கம்பூசியா புழுவோடு நிற்பதில்லை. மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது, தலைப்பிரட்டையின் வாலைக் கடித்துக் குதறுகிறது. உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. புழுவைத் தின்ன விட்ட மீன், புழுவைத் தின்னும் மற்றவற்றையும் தின்றது. மூடிய கிணற்றில் விடுவது ஒன்று. ஓடைக்கு வழியுள்ள குட்டையில் விடுவது வேறு. ஓடையில் இறங்கிவிட்டால் திருப்பி எடுக்க முடியாது.

தவளைக்கு இன்னொரு அடியும் விழுந்தது. அதன் கால்கள் வெளிநாட்டு உணவு மேசைகளுக்குப் போயின. 1981இல் மட்டும் ஏற்றுமதி 4,000 டன்னைத் தாண்டியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஹுமாயூன் அப்துலாலி போன்றோர் இதை எதிர்த்து விடாமல் எழுதினார்கள். வயலில் பூச்சி தின்னும் தவளையை விற்றுவிட்டுப் பூச்சிமருந்தைக் காசு கொடுத்து வாங்குகிறோமே என்ற வாதம் எடுபட்டது. 1987இல் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது.

தவளை கொசுவை ஒழித்துவிடும் என்ற நம்பிக்கையில் பாதிதான் உண்மை. வளர்ந்த தவளைக்குக் கொசு மிகச் சிறிய தீனி. வண்டும் வெட்டுக்கிளியும்தான் அதன் வயிற்றை நிரப்பும். உண்மையான வேலை தலைப்பிரட்டைப் பருவத்தில் நடக்கிறது. மழைக்கு மஞ்சளாக நிறம் மாறும் பெரிய தவளையின் தலைப்பிரட்டை இறைச்சி தின்னும்; கொசுப்புழுவையும் விடாது. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து இனத் தலைப்பிரட்டைகள் டெங்குக் கொசுவின் முட்டைகளையே தின்றன; அவற்றில் ஒரு மரத்தவளை இனம் முன்னே நின்றது.

ஆகவே பாலசமுத்திரத்தில் கொல்லைப்புறக் குட்டை வைத்திருப்பவர், மீன் மொய்க்கும் தண்ணீரில் தவளை பெருகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மீனுக்கு ஒரு தொட்டி, தலைப்பிரட்டைக்கு ஆழம் குறைந்த வேறொரு பள்ளம் என்று பிரித்துவிட்டால் இரண்டும் பிழைக்கும். மீன் உள்ளூர் வாய்க்காலிலிருந்து வரட்டும். கரையோரப் புல்லையும் ஆகாயத்தாமரையையும் அவ்வப்போது அரித்தெடுக்க வேண்டும். செடி அடர்ந்த இடத்தில் மீன் நுழையாது, புழு ஒளிந்துகொள்ளும். டெங்குக் கொசுவுக்குக் குட்டையைவிட வீட்டு வாசல் டிரம்மும் சிமெண்ட் தொட்டியும்தான் பிடிக்கும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவி மூடிவைக்க வேண்டும்.