சாணிக் கேஸும் 7 பேர்ச் காணியும்

2022ஐ நம்மில் யாரும் மறக்க மாட்டோம். முந்தின ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாய். அதுவும் கிடைத்தால்தான். லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் கேஸுக்குப் பழகியவங்களும் திரும்ப வெறகுக்கே போனாங்க. லயத்துக்குப் பின்னால், மாட்டுக் கொட்டிலில் சாணி குவிந்துதான் கிடந்தது.

சாணியில் கேஸ் எடுப்பது புதுக் கதை இல்லை. 1776இல் இத்தாலியின் வோல்டா, ஏரிச் சேற்றிலிருந்து கிளம்பிய வாயுவைப் பிடித்து, அது எரியும் என்று காட்டினார். அதுதான் மீத்தேன். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரம் கழிவுநீர் வாயுவில் தெருவிளக்கு எரித்தது. இந்தியாவில் ஜஷ்பாய் படேல் 1951இல் மிதக்கும் இரும்பு மூடி வைத்த கலனை வடிவமைத்தார். 1960களில் காதி கிராமத் தொழில் ஆணையம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. சீனா, இரும்பே வேண்டாம் என்று நிலத்துக்கடியில் கும்மட்டம் போலக் கட்டியது.

வேலை செய்யும் விதம் லேசானது. சாணியும் தண்ணியும் சமபங்கு கரைத்து, காத்துப் புகாத குழியில் விட்டால், பக்டீரியா மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஒரு கிலோ சாணிக்குச் சுமார் 40 லீற்றர் வாயு. மூன்று மாடு இருந்தால் ஒரு குடும்பத்துச் சமையல் ஓரளவு நடக்கும். வெளியே வரும் கரைசல் நல்ல உரம். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்த நாட்டில், இது சின்ன விசயமா?

அப்படியென்றால் இங்கே ஏன் பரவவில்லை? இலங்கைக்கு இது 1970களிலேயே வந்துவிட்டது. வைக்கோலிலிருந்து வாயு எடுக்கும் முறையை நம் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையமே உருவாக்கியது. ஆனால் 1996இல் ஐ.டி.டி.ஜி. நிறுவனம் போய்ப் பார்த்தபோது, நாட்டில் கட்டப்பட்ட சுமார் 5,000 கலன்களில் மூன்றிலொரு பங்குதான் ஒழுங்காக இயங்கியது. கட்டியதில் குறை, பழுதானால் திருத்தத் தெரிந்த ஆள் இல்லை. கட்டிக் கொடுத்துப் போட்டோ எடுத்ததோடு கதை முடிந்த இடங்களில் குழியும் முடிந்தது.

தோட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகலாம், குழியைத் தூக்க முடியாது. குழி வெட்ட நிலம் வேண்டும். நாம் தலைமுறை தலைமுறையாக இருக்கும் லயமும், அதன் வாசலும் நம் பெயரில் இல்லை. 1975இல் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்கு வந்தது. காம்பராவில் இருந்தவங்களுக்கு மட்டும் காணி வரவில்லை. 2015க்குப் பிறகு 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் தொடங்கியது. 7 பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. வீடு, கக்கூஸ், மாட்டுக் கொட்டில், குழி எல்லாம் அதற்குள்தான். அதுவும் இன்னும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

நாலைந்து வீடு சேர்ந்து ஒரு குழி கட்டலாம் என்பது எங்கள் யோசனை. யார் சாணி கரைப்பது, யாருக்கு எத்தனை மணிக்குக் கேஸ், பழுதானால் யார் பார்ப்பது என்பதை முதலே பேசி முடிக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேராவது திருத்தும் வேலையைப் பழக வேண்டும்.

நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, வெறகுக்கட்டோடு மலை இறங்கி, புகைக்குள் நின்று சமைக்கிற நம் அம்மாமாருக்கு நெருப்பு மட்டும் போதாது. அந்த அடுப்பு நிற்கிற மண்ணும் அவங்க பெயரில் இருக்கணும்.