பணம் எதைத் தொடர்கிறது? தாம்பரம் வட்டாரத்தில் உயர்கல்வி உதவிகளின் அமைப்பு

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இருக்கும் பண உதவிகளில் பெரும்பகுதி மாணவரைத் தொடர்வதில்லை; அவர் பிடித்த இடத்தைத் தொடர்கிறது. ஏழ்மை, சாதி, மதிப்பெண் ஆகிய மூன்றும் தகுதியாகக் கேட்கப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த மூன்றும் ஒரேமாதிரி அமைந்த இரு மாணவரில் ஒருவர் முழுக் கட்டணத்தையும் விலக்காகப் பெறுவதும், மற்றவர் ஒரு ரூபாயும் பெறாமல் போவதும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த வழிச் சேர்க்கை என்பதுதான். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அல்ல, இடத்தை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே உதவி முடிவாகிவிடுகிறது.

இதைக் கண்கூடாகப் பார்க்கத் தென்சென்னைப் புறநகரைவிடப் பொருத்தமான இடம் குறைவு. குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம், தாம்பரத்தில் 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, பெரும்பாக்கத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி, சேலையூர், வண்டலூர், காட்டாங்குளத்தூர் பகுதிகளில் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், இவற்றுக்கிடையே அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள். பேருந்திலோ மின்சார ரயிலிலோ ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய இந்தச் சிறு பரப்பில், கட்டண விதிகள் அடியோடு வேறுபடும் எல்லா வகை நிறுவனங்களும் இருக்கின்றன. தூரத்தை வைத்துக் கல்லூரியைத் தேர்வது இங்கே குடும்பங்களின் வழக்கம். கட்டண விதி தூரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதது.

ஒரே சுற்றுச்சுவருக்குள்ளும் இந்த வேறுபாடு உண்டு. அரசு உதவிபெறும் கலைக்கல்லூரிகள் பலவற்றில் உதவிபெறும் பிரிவு ஒன்றும் சுயநிதிப் பிரிவு ஒன்றும் அடுத்தடுத்து இயங்குகின்றன. கிறித்தவக் கல்லூரியும் இதற்கு விலக்கல்ல. உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது என்பதால் இளநிலை மாணவர் கட்டுவது சொற்பத் தொகை. சுயநிதிப் பிரிவில் சம்பளம் மாணவர் கட்டணத்திலிருந்தே வரவேண்டும். ஆகவே உதவிபெறும் பிரிவில் கிடைத்த ஓர் இடம் தன்னளவிலேயே பெரிய உதவித்தொகை. யாரும் அதை அந்தப் பெயரால் அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

பொறியியலில் இந்தப் பிளவு இன்னும் கூர்மையானது. ஒரே சுயநிதிக் கல்லூரியில் ஒரே வகுப்பில் உட்காரும் இருவரில் ஒருவர் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு வழியாகவும் மற்றவர் நிர்வாக ஒதுக்கீட்டிலும் வந்திருக்கலாம். அரசு அமைத்த கட்டணக் குழு 2017-இல் நிர்ணயித்தபடி முதலாமவருக்கு ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்பானால் 55,000. இரண்டாமவருக்கு 85,000 அல்லது 87,000. வித்தியாசம் கட்டணத்தோடு நிற்பதில்லை. குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகையும் அரசுப் பள்ளி மாணவருக்கான ஒதுக்கீட்டுச் சலுகையும் கலந்தாய்வு வழி வந்தவருக்கே உரியவை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்கே வெளியே நிற்பவை. அங்கே சலுகை என்பது அந்த நிறுவனமே நடத்தும் நுழைவுத் தேர்வில் வாங்கிய தரவரிசையைப் பொறுத்தது. அதுவும் பெரும்பாலும் அரியர் இல்லாமல் குறிப்பிட்ட சராசரியைக் காத்துக்கொள்ளும்வரைதான். விதிவிலக்குகள் உண்டு: வி.ஐ.டி.யின் ‘ஸ்டார்ஸ்’ திட்டம் மாவட்டந்தோறும் அரசுப் பள்ளிகளில் முதலிடம் பெறும் மாணவர் ஒருவருக்கும் மாணவி ஒருவருக்கும் கட்டணமின்றிப் படிப்பும் தங்குமிடமும் தருகிறது. ஆனால் மாவட்டத்துக்கு இருவர் என்பது ஒரு வட்டாரத்தின் கல்விச் செலவுக்கு விடையாகாது.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகையின் வரலாறு, பணம் மாணவரை விட்டு இடத்தைத் தொடரும் இந்தப் போக்கை எடுத்துக்காட்டுகிறது. இத்திட்டம் 1944-இல், அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது. அதன் அடிப்படை மாணவரின் பிறப்பும் வறுமையும். தமிழ்நாடு அரசு 2012-இல் வெளியிட்ட 92-ஆம் எண் அரசாணை அதை மேலும் விரித்து, சுயநிதிக் கல்லூரிகளில் சேர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த பலருக்குத் தனியார் கல்லூரிகள் திறந்தது அதன் பிறகுதான். 2018-இல் ஒன்றிய அரசு திருத்திய நெறிமுறைகள் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களை உதவிக்கு வெளியே தள்ளின. பணம் பறிக்கும் கல்லூரிகளைக் கட்டுப்படுத்துவது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அடி விழுந்ததோ கலந்தாய்வின் நுணுக்கம் தெரியாமல் நேரடியாகக் கல்லூரிக்குப் போய் இடம் வாங்கிய மாணவர்மீது. 2021 நெறிமுறைகள் ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தச் செய்தன. இடைத்தரகு குறைந்தது. ஆனால் கல்லூரி கட்டணம் கேட்பது பருவத் தொடக்கத்தில், கணக்கில் பணம் ஏறுவது பல மாதங்கள் கழித்து. அந்த இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் தாயின் நகை.

முதல் பட்டதாரிச் சலுகையில் வேறொரு முரண் இருக்கிறது. குடும்பத்தில் யாரும் பட்டம் பெற்றவரில்லை என்று மாணவரும் பெற்றோரும் கூட்டாக உறுதிமொழி தந்து, வருவாய்த் துறையிடம் சான்றிதழ் பெறவேண்டும். அக்கா பெரும்பாக்கம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. முடித்திருந்தால், பொறியியலுக்குப் போகும் தம்பி முதல் பட்டதாரி அல்ல. சொற்பக் கட்டணமே கேட்கும் இடத்தில் படித்த அக்கா, குடும்பத்துக்கு இருந்த ஒரே சலுகையைத் தன்னையறியாமல் தீர்த்துவிட்டாள். குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு அருகிலுள்ள கலைக்கல்லூரி, இளைய பையனுக்குப் பொறியியல் என்று ஒதுக்கும் பழக்கம் நீடிக்கும்வரை இது அபூர்வ நிகழ்வல்ல.

இடத்தை அல்லாமல் மாணவர் படித்த பள்ளியைத் தொடரும் திட்டங்கள் அண்மைக் காலத்தவை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்திலும் 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் வந்தது. அவ்வழி சேர்ந்தவரின் கட்டணம், விடுதிச் செலவு இரண்டையும் அரசே ஏற்கிறது; தமிழ்நாட்டில் இதைவிட முழுமையான உதவி இல்லை என்றே சொல்லலாம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை மாற்றியமைத்து 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. எந்தக் கல்லூரி என்ற நிபந்தனை இவற்றில் தளர்வானது. வேறு உதவித்தொகை வாங்குபவரும் பெறலாம். தொகை சிறியதுதான். ஆனாலும் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி மறுகுடியமர்வுப் பகுதிகளிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு, சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பயணம் இலவசமாகியிருக்க, மாதம் 1,000 ரூபாய் கைச்செலவையும் புத்தகச் செலவையும் தாங்கும். தனியார் கல்லூரிகள் தம் சொந்தப் பேருந்துக்கு வாங்கும் ஆண்டுக் கட்டணத்தையோ பெரும்பாலான உதவித்தொகைகள் கணக்கில் எடுப்பதில்லை.

வருமான வரம்பு அடுத்த சிக்கல். பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகைக்கான 2.5 லட்சம் ரூபாய் வரம்பு பத்தாண்டுக்கும் மேல் பழையது. மாதக் கணக்கில் அது 20,833 ரூபாய். அப்பா மேடவாக்கம் அடுக்குமாடியில் காவலாளி, அம்மா அதே வீடுகளில் வேலை செய்பவர் என்றால் இருவர் வருமானத்தையும் உள்ளபடி எழுதினால் வரம்பு தாண்டிவிடும். பிளஸ் டூவில் தம் பாடப்பிரிவில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்தவருக்கான ஒன்றிய அரசின் உதவித்தொகைக்கு வரம்பு 4.5 லட்சம், ஆண்டுக்கு 12,000 ரூபாய், தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கவேண்டும். மாணவியருக்கான ஏ.ஐ.சி.டி.இ. ‘பிரகதி’ திட்டத்தில் 8 லட்சம் வரம்பு, ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரம்பு இருப்பதால் வருமானச் சான்றிதழ்தான் முதல் ஆவணம். இ-சேவை மையத்தில் பதிந்து வட்டாட்சியர் அலுவலகம் வரை போய்வரும் இந்தத் தாளைத் தேர்வு முடிவுக்கு முன்பே, கோடை தொடங்கும்போதே வாங்கிவைத்தவர்களுக்கு மற்றது எளிது. பெயரின் முன்னெழுத்து ஆதாரில் ஒருவிதமாகவும் மதிப்பெண் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருப்பதால் நின்றுபோகும் விண்ணப்பங்கள் கொஞ்சமல்ல.

காலவரிசையும் தனியாருக்கே சாதகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அரசுக் கலந்தாய்வுக்கு வெகு முன்பே இடம் ஒதுக்கி முன்பணம் கேட்கின்றன. கலந்தாய்வு கைவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பெற்றோர் கட்டிவிடுகிறார்கள். கட்டிய பணம் போய்விடுமே என்ற பயத்தில் பின்னர் கலந்தாய்வில் கிடைத்த நல்ல இடத்தையும் விடுகிறார்கள். இந்த இரண்டாவது பயம் பெரும்பாலும் ஆதாரமற்றது. 2024-25 சேர்க்கைக்குப் பல்கலைக்கழக மானியக் குழு செப்டம்பர் 30 வரை விலகியவருக்கு முழுத் தொகையையும், அக்டோபர் 31 வரை விலகியவருக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியையும் திருப்பித் தரச் சொன்னது. இந்த விதியை அறிந்திருப்பது பல உதவித்தொகைகளைவிட மதிப்புள்ளது.

உதவி எதுவும் எட்டாதபோது வருவது கடன். இந்த வட்டாரத்துக்கு அது புதிதல்ல. 1949-இல் சி. ராஜம் தம் வீட்டை விற்றுக் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி.யில் சேர அப்துல் கலாமுக்கு ஏறக்குறைய 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகுவைத்துப் பணம் தந்ததைக் கலாமே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அங்கே அவர் உதவித்தொகையில் படித்ததும், விமான வடிவமைப்பை மூன்று நாளில் முடிக்காவிட்டால் அது நிறுத்தப்படும் என்று இயக்குநர் எச்சரித்ததும் அதே நூலில் உண்டு. நுழைய நகை, நீடிக்க உதவித்தொகை என்ற அந்த ஏற்பாடு இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை பிணையம் கேட்கக் கூடாது என்பது பொது நெறி. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டவேண்டியதில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தர அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு படித்தால், அந்தக் காலத்து வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் உள்ளது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் 8 லட்சம் வருமானம் வரை 3 விழுக்காடு வட்டிச் சலுகை தருகிறது. அதுவும் தேர்ந்தெடுக்கப்பட்ட தரவரிசை நிறுவனங்களுக்கு (தொடக்கத்தில் 860) மட்டும். தகுதி அடிப்படையில் சேர்ந்தவருக்கு மட்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் போனவருக்கு மேற்படிப்பு உதவித்தொகை இல்லை, கட்டணச் சலுகை இல்லை, இந்த வட்டிச் சலுகையும் இல்லை. ஒரே வகுப்பில் அதிகக் கட்டணம் கட்டுபவரே அதிக வட்டியும் கட்டுகிறார்.