எச்சமும் காவலும்



சவ்வாது மலையிலே காவலூரில் பயிலும் மாணவர்க்குப் பெங்குவின் என்பது பாடநூற் படத்தில் மட்டும் காணும் பறவையாகும். தென்கடல்களில் வாழும் அதனைக் காப்பது பற்றி நமக்கென்ன கவலை என்று ஒருவர் வினவலாம். ஒரே பொருளை இரு நாட்டார் இருவேறு வழியில் பயன்கொண்ட வரலாறு இதற்கு விடை கூறும். அப்பொருள் பறவையின் எச்சம்.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டை ஒட்டிய கடலில் சிஞ்சா என்னும் சிறு தீவுகள் உள்ளன. அங்கு மழை மிக அரிது. ஆதலின், நீர்க்காகம், கூழைக்கடா முதலிய பறவைகளின் எச்சம் கரையாது நெடுங்காலம் படிந்து, சில இடங்களில் 100 அடிக்கு மேல் உயர்ந்து நின்றது. குவானோ எனப்படும் இப்படிவில் ஹம்போல்ட் பெங்குவின் வளை தோண்டி முட்டையிடும். சுடும் வெயிலுக்கும் பகைக்கும் அவ்வளையே அதற்கு அரண்.

1840-ஆம் ஆண்டையொட்டி, இந்தக் குவானோவை ஐரோப்பிய வயல்களுக்கு உரமாக்க வணிகர் கப்பல் கப்பலாக ஏற்றத் தொடங்கினர். 40 ஆண்டுகள் கழியுமுன் சிஞ்சாவின் செல்வம் தீர்ந்தது. வளை தோண்ட மண்ணின்றிப் பெங்குவின் வெறும் பாறையில் முட்டையிடும் நிலை வந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில், மழைக்காலந்தோறும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் பாயும் வயலுக்கு அந்நீரே உரம். இதனை அவ்வூர் உழவர் நன்கறிந்திருந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவது கண்டு அவர்கள் முறையிட்டனர் என்பர். ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுல் எழுதி அவர்க்கு அளித்தார். 1858-இல் அவ்வுரிமை மீண்டும் உறுதியாயிற்று. 1936-இல் ஏரி, அரசின் பறவைப் புகலிடமாயிற்று.

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பு நோக்குங்கள். சிஞ்சாவில் வணிகர் முதலையே உண்டனர். வேடந்தாங்கல் உழவரோ வட்டியை மட்டும் உண்டனர். ஆண்டுதோறும் வரும் பயனைக் கொண்டு, அதனைத் தரும் உயிரைக் காத்தனர். பெருவும் பின்னர் இப்பாடத்தைக் கற்றது. 1909-இல் ஒரு நிறுவனம் அமைத்துத் தீவுகளுக்குக் காவல் இட்டது.

எனினும், இழந்தது எளிதில் மீளவில்லை. ஹம்போல்ட் பெங்குவின் இன்றும் அழிவு நெருங்கும் இனங்களுள் ஒன்று. அதன் இரையாகிய நெத்திலியை மனிதர் பெருவலை வீசி அள்ளுகின்றனர். அவ்வலையில் பெங்குவினும் சிக்கி மடிகின்றது. தென்னாப்பிரிக்கத் தீவுகளிலும் குவானோவைச் சுரண்டினர்; மீனும் அருகிற்று. அங்குள்ள பெங்குவின் 2024-இல் மிகக் கொடிய அழிவு நிலையில் உள்ளதாகப் பன்னாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பறக்க இயலாத பெங்குவின் தன் தீவை விட்டு எங்கே செல்லும்? அருகில் வாழும் மனிதரின் நல்லறிவே அதற்குக் காவல். இவ்வுண்மை கடலுக்கு மட்டும் உரியதன்று. திருட்டு வெட்டால் குன்றிய சவ்வாது மலைச் சந்தனத்திற்கும் பொருந்தும். முதலைக் காத்து வட்டியை உண்ணும் வேடந்தாங்கல் உழவரின் கணக்கை, மாணவர்களே, நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.