புதிய பள்ளிக்கூடங்கள்: ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கிறதா?

இங்கிலாந்தில் கடந்த கால் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான புதிய பள்ளிக்கூடங்கள் திறக்கப்பட்டுள்ளன. வறுமையில் வாழும் பிள்ளைகளுக்கும் தரமான கல்வி எட்ட வேண்டும் என்பது இதற்காக முன்வைக்கப்பட்ட முக்கிய வாதங்களில் ஒன்று. ஆனால், பள்ளிக்கூடம் திறக்கப்படுவதால் மட்டும் அதில் அவர்களுக்கு இடம் கிடைத்துவிடுவதில்லை.

பின்னணி

நகர்ப்புறங்களில் பின்தங்கியிருந்த பள்ளிக்கூடங்களுக்கு மாற்றாக, தொழிற்கட்சி அரசு 2002ஆம் ஆண்டில் முதல் 'அகாடமி'களைத் தொடங்கியது. பெற்றோரும் ஆசிரியர்களும் அறக்கட்டளைகளும் முன்வந்து தொடங்கக்கூடிய 'ஃப்ரீ ஸ்கூல்'களில் முதல் 24, கூட்டணி ஆட்சியில் 2011 செப்டம்பரில் திறக்கப்பட்டன. இவ்விரு வகைப் பள்ளிகளிலும் கட்டணம் இல்லை. செலவை மத்திய அரசு ஏற்கிறது. உள்ளூராட்சி மன்றங்களின் கட்டுப்பாட்டுக்குள் இவை வருவதில்லை.

தூரம் என்னும் தடை

இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாகும்போது, அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்கு முதலிடம் தரப்படுகிறது. அதன் பின்னர், ஏற்கெனவே அங்கு பயில்வோரின் சகோதர சகோதரிகளுக்கும், அருகில் வசிப்போருக்கும் இடமளிப்பது பெருவழக்கு. இதனால், நல்ல பள்ளிக்கூடத்தைச் சுற்றி வீட்டு விலையும் வாடகையும் உயருகின்றன. வசதி படைத்தோர் அங்கு குடிபெயர, ஏனையோர் வெளியே நிற்க நேரிடுகிறது. பள்ளியில் வாங்கப்படாத கட்டணம், வீட்டின் விலையாக வசூலிக்கப்படுகிறது எனலாம்.

இதை மாற்ற பிரைட்டன் நகரம் 2008ஆம் ஆண்டுச் சேர்க்கையில் குலுக்கல் முறையைப் புகுத்தியது. ஆனால், அந்தந்தப் பள்ளிக்கென வகுக்கப்பட்ட எல்லைக்குள் வசிப்போரிடையே மட்டுமே குலுக்கல் நடந்தது. எனவே, பள்ளிகளிடையே ஏழை, பணக்காரப் பிள்ளைகள் பிரிந்து கிடந்த நிலை பெரிதாக மாறவில்லை என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது.

அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை

ஏழை மாணவர்களுக்காகப் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி வழங்கும் 'பியூபில் பிரீமியம்' திட்டம் 2011இல் தொடங்கியது. இந்த மாணவர்களுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தர அகாடமிகளும் ஃப்ரீ ஸ்கூல்களும் 2012இல் அனுமதிக்கப்பட்டன. 2014இல் அந்த அனுமதி அனைத்து அரசுப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் விதிமுறை இதைக் கட்டாயமாக்கவில்லை. இதைப் பயன்படுத்தும் பள்ளிகள் சிறுபான்மையே. இடங்கள் தாமாகவே நிரம்பிவிடும் பள்ளிக்கு, விதியை மாற்றும் தேவை எழுவதில்லை என்பது இதற்கு ஒரு காரணம்.

போக்குவரத்தும் முக்கியமானது. குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 11 முதல் 16 வயதுடையோருக்கு, இரண்டு முதல் ஆறு மைல் தொலைவிலுள்ள, அருகமைந்த மூன்று பொருத்தமான பள்ளிகளில் ஒன்றுக்குச் செல்ல இலவசப் பயணம் தர 2006ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

பியூபில் பிரீமியம் பெரும்பாலும் இலவச உணவுக்கான தகுதிப் பதிவைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. தமிழர்கள் கணிசமாக வாழும் லண்டனில், 2023 செப்டம்பர் முதல் அரசு ஆரம்பப் பள்ளி மாணவர் அனைவருக்கும் மதிய உணவு இலவசம். உணவுதான் கிடைக்கிறதே என்று தகுதியுள்ள பெற்றோர் பதிவு செய்யாமல் விட்டால், பள்ளிக்கு வரவேண்டிய நிதியும், இடைநிலைப் பள்ளிச் சேர்க்கையில் கிடைக்கக்கூடிய முன்னுரிமையும் பிள்ளைக்குக் கைநழுவக்கூடும்.